நீர் நல்லா போகுதா? - ஒரு கேள்வியின் வரலாறு

அரசு மருத்துவமனை ஓ.பி.யில் இதய நோயாளிகள் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாக இருக்கும். "ஐயா, நீர் நல்லா போகுதா? கால் வீக்கம் குறைஞ்சிருக்கா? மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" மூன்று கேள்வி, மூன்று தலையாட்டல், சீட்டில் ஒரு கையெழுத்து. அடுத்தவர்!

இதைக் கேட்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் இந்தக் கேள்விக்கு இருநூற்று சொச்சம் வருட வரலாறு இருக்கிறது. என்னது, மூத்திரத்துக்கு ஒரு வரலாறா என்று முகம் சுளிக்க வேண்டாம். மருத்துவ வரலாற்றின் சில நல்ல கதைகள் இந்தப் பாத்திரத்துக்குள்தான் இருக்கின்றன.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹார்ட் ஃபெயிலியர் (இதயச் செயலிழப்பு) என்றால் இதயம் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். ரத்தம் குறைவாக வருவதைப் பார்த்த சிறுநீரகம் 'உடம்பில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது' என்று தப்புக் கணக்கு போட்டு, உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த நீர் காலில் இறங்கும், வயிற்றில் சேரும், கடைசியில் நுரையீரலுக்கும் வரும். அப்புறம் ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் மூன்று தலையணை கேட்பார். நீர் மாத்திரையின் வேலை, சிறுநீரகம் பிடித்து வைத்த உப்பை வெளியே விட வைப்பது. உப்பு போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும்.

மாத்திரை கொடுப்பது சுலபம். அது வேலை செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறைவாகக் கொடுத்தால் மூச்சுத் திணறல். அதிகமாகக் கொடுத்தால் உடம்பு வற்றி, ரத்த அழுத்தம் விழுந்து, பொட்டாசியம் குறைந்து, சிறுநீரகம் கெடும். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒற்றையடிப் பாதை. அளந்து பார்க்காமல் இதில் நடப்பது ஆபத்து.

நம் சித்த மருத்துவர்களிடம் இதற்கு நீர்முள்ளி, நெருஞ்சில், மூக்கிரட்டை என்று ஒரு பட்டியலே உண்டு. மூக்கிரட்டையை (வடக்கே புனர்நவா என்பார்கள்) கல்கத்தாவில் ஆர்.என். சோப்ரா குழுவினர் 1920-களிலேயே ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் பாட்டி வைத்தியத்தில்தான் கதை தொடங்குகிறது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு மூதாட்டி, உடம்பு வீங்கியவர்களுக்கு இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் கலந்த ஒரு மருந்தை ரகசியமாகக் கொடுத்து வந்தார். பெரிய டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகள் கூட அதில் எழுந்து உட்கார்ந்தார்கள். வில்லியம் விதரிங் என்ற மருத்துவர் அந்தக் கலவையைப் பிரித்துப் பார்த்து, வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ் என்ற செடியின் இலைதான் என்று கண்டுபிடித்தார். 1785-ல் ஒரு புத்தகமும் எழுதினார். இன்றைக்கு டிஜாக்சின் என்று நாம் சொல்லும் மருந்தின் குடும்பம் இதுதான்.

விதரிங் செடியைக் கண்டுபிடித்ததை எல்லோரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவர் ஒரு விதி வைத்தார். சிறுநீர் பெருகுகிறதா, குமட்டல் வருகிறதா, நாடி மெதுவாகிறதா, வயிறு போகிறதா என்று பார்த்துக்கொண்டே கொடுங்கள், இதில் ஏதாவது ஒன்று தெரிந்த உடனே நிறுத்துங்கள் என்றார். அதாவது எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. நோயாளியின் உடம்பு சொல்லும் பதிலே அளவைத் தீர்மானிக்கிறது. அதோடு தனக்குச் சரிவராத நோயாளிகளையும் மறைக்காமல் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் இது அபூர்வம் (இந்தக் காலத்திலும்தான்!).

அதற்குப் பிறகு நூறு வருடத்துக்குப் பெரிய முன்னேற்றம் இல்லை. ரத்தத்தை வெளியேற்றினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள். 1870-களில் லண்டனில் ரெஜினால்ட் சதி என்ற மருத்துவர் மெல்லிய குழாய்களை வீங்கிய காலின் தோலுக்கடியில் செருகி நீரை வடிய விட்டார். கேட்கவே கொடூரமாக இருந்தாலும் ஒரு வசதி இருந்தது, வடிந்த நீரை அளந்துவிடலாம். கீழே பாத்திரம் இருந்ததே!

அடுத்த கதை நடந்தது 1919-ல், வியன்னாவில். முதல் உலகப் போர் முடிந்து ஊரே பசியில் கிடந்த நேரம். வெங்கெபாக் என்ற புகழ்பெற்ற இதய மருத்துவரின் வார்டில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மூன்றாமாண்டு மருத்துவ மாணவர் வேலை பார்த்தார் (கவனிக்க, மாணவர்!). பிறவியிலேயே சிஃபிலிஸ் பாதித்த ஒரு இளம்பெண் அவருடைய பொறுப்பில் இருந்தார். அந்த நோய்க்கு அப்போது பாதரச மருந்துதான் வழி. வோகல் ஒரு பாதரச உப்பை எழுதிக் கொடுத்தார். அது தண்ணீரில் கரையாது என்ற விஷயம் அவருக்குத் தெரியாது. மருந்து வரவில்லை. பக்கத்திலிருந்த ஒரு ராணுவ மருத்துவர் 'இதைப் போட்டுப் பார்' என்று நோவசுரால் என்ற புதிய ஊசி மருந்தைக் கொடுத்தார்.

அந்த வார்டின் நர்சுகள், யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு நோயாளியின் சிறுநீர் அளவையும் தினமும் சார்ட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள். சிஃபிலிஸ் நோயாளிக்குச் சிறுநீரை அளக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் அளந்தார்கள். சில நாள் கழித்து வோகல் சார்ட்டைப் பார்த்தால், ஊசி போட்ட நாளில் எல்லாம் கோடு ஜிவ்வென்று மேலே ஏறியிருக்கிறது. அரை லிட்டரைத் தாண்டாமல் இருந்தது, ஒரு லிட்டருக்கு மேல் போயிருக்கிறது! ஊசியை நிறுத்திய நாளில் மறுபடியும் இறக்கம். பிறகு இதய நோயால் உடம்பு ஊதிப்போன ஒரு நோயாளிக்குப் போட்டுப் பார்த்தார்கள். லிட்டர் லிட்டராக வெளியேறியது. 1920-ல் அதே மருத்துவமனையைச் சேர்ந்த சாக்சல், ஹைலிக் இருவரும் இதை வெளியிட்டார்கள். அடுத்த நாற்பது வருடத்துக்கு உலகம் முழுவதும் ஹார்ட் ஃபெயிலியருக்குப் பாதரச ஊசிதான்.

இந்தக் கதையில் கதாநாயகன் யார்? வோகல் என்று பாடப்புத்தகம் சொல்லும். பெயர் தெரியாத அந்த நர்சுகள்தான் என்று சொன்னால் தப்பில்லை. அளவுச் சாடியும் சார்ட்டும் இல்லாவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு கழிவறையோடு போயிருக்கும்.

பாதரச ஊசியை மாத்திரையாகத் திருப்திகரமாகக் கொடுக்க முடியவில்லை. அதனால் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நோயாளி மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டும். வெளிநோயாளியின் சிறுநீரை யார் அளப்பது? அங்கேதான் எடை இயந்திரம் உள்ளே வந்தது. ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ. நேற்று 64, இன்று 62 என்றால் இரண்டு லிட்டர் போயிருக்கிறது. சாப்பாட்டில் இரண்டு கிலோ ஒரே நாளில் குறையாது இல்லையா? அமெரிக்காவில் ஹாரி கோல்ட் குழுவினர் 1947-ல் இதை ஒரு முறையாகவே எழுதினார்கள். எடை இறங்குவது நிற்கும்வரை தினமும் ஊசி போடு, நின்ற இடம்தான் அந்த நோயாளியின் 'உலர் எடை', அதற்குப் பிறகு அந்த எடை ஏறாமல் பார்த்துக்கொள். இன்றைக்கும் டாக்டர்கள் 'டிரை வெயிட்' என்று சொல்வது இதைத்தான்.

பிறகு மாத்திரைகள் வந்தன. மெர்க் நிறுவனத்தில் கார்ல் பேயர், ஜேம்ஸ் ஸ்ப்ரேக், ஃபிரடெரிக் நோவெல்லோ ஆகியோர் உருவாக்கிய குளோரோதயசைடு 1958-ல் விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் நிறுவனம் கண்டுபிடித்த ஃபியூரோசமைடு 1960-களின் நடுவில் வந்தது. அதுதான் நம் ஊர் லாசிக்ஸ். ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி அந்தப் பெயர் வைத்தார்கள் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 1977-ல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே ஃபியூரோசமைடுக்கு இடம் கிடைத்தது. பாதரசம் மூட்டை கட்டிக்கொண்டு போனது. பெரிய வெற்றிதான், சந்தேகமே இல்லை.

ஆனால் இந்த வெற்றியில் ஒரு நஷ்டமும் இருந்தது. ஊசி போட்ட காலத்தில் நோயாளி கண் முன்னால் இருந்தார். மாத்திரை வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அவரோடு அளவுச் சாடியும் போய்விட்டது. டாக்டரிடம் மிஞ்சியது 'நீர் நல்லா போகுதா?' என்ற கேள்வி மட்டும்.

வீட்டிலிருக்கும் நோயாளியிடம் மருந்து வேலை செய்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது? இதே கேள்விக்கு வேறொரு நோயில் உலகத்துக்கே பதில் சொன்ன ஊர் சென்னை. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், சானடோரியத்தில் படுக்க வைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும் சிகிச்சையையும் ஒப்பிட்டது. ஏழைகள், நெருக்கடியான வீடுகள், சரியான சாப்பாடு இல்லை. ஒழுங்காக மருந்து சாப்பிடுவார்களா என்று எல்லோருக்கும் சந்தேகம். ஆய்வுக் குழு என்ன செய்தது தெரியுமா? முன்னறிவிப்பு இல்லாமல் வீட்டுக்கே போய், மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி, அதில் மருந்தின் தடயம் இருக்கிறதா என்று சோதித்தது. வீட்டு சிகிச்சையும் சானடோரியத்துக்குச் சமமான பலன் தருகிறது என்ற முடிவு 1959-ல் வெளியானது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருவள்ளூர் பக்கமும் இந்த மாதிரி அளந்து பார்க்கும் வேலைக்குப் புதிதல்ல. 1968-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசிப் பெரும் சோதனை நடந்தது இந்த வட்டாரத்தில்தான் (அப்போது செங்கல்பட்டு மாவட்டம், திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்). இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் பங்கேற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான பதில் வந்தது. கசப்பாக இருந்தாலும் பதில் பதில்தான்.

ஹார்ட் ஃபெயிலியருக்கு இப்படிப்பட்ட வீடு தேடி அளக்கும் முறை இங்கே வளரவில்லை. இத்தனைக்கும் நோய் சின்ன விஷயமல்ல. பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் 2013-ல் சேர்ந்த 1,205 ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சராசரி வயது சுமார் 61. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் பத்து வருடம் முன்னதாக. ஐந்து வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்துவிட்டார்கள். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது.

இப்போது கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். சிப்காட், இரும்பு உருக்காலைகள், உலை, ஷிஃப்ட் வேலை. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி இரண்டுமே சென்னை சென்ட்ரலில் இருந்து 40 கி.மீட்டருக்கு மேல். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் பலருக்கும் ஸ்டான்லி, இல்லாவிட்டால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச். போவதற்கு மின்சார ரயில். அந்த ரயிலில் கழிவறை கிடையாது!

இது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். லாசிக்ஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், இரண்டு மணி நேரத்தில் உச்சம். விடியற்காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றரை மணி நேரம் மின்சார ரயிலில் உட்கார யாருக்குத் துணிச்சல் வரும்? குறிப்பாகப் பெண்களுக்கு? அதனால் ஓ.பி. நாளன்று மட்டும் மாத்திரைக்கு லீவு. டாக்டர் பார்ப்பது மாத்திரை போடாத நாளின் உடம்பை. 'வீக்கம் இருக்கே, டோஸை ஏத்துவோம்' என்று அவர் எழுதினால் தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. பயண நாளில் நீர் மாத்திரையைத் தவிர்ப்பது உலகம் முழுவதும் உள்ள பழக்கம்தான். 'இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா, எத்தனை மணிக்கு?' என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

உலை முன்னால் நிற்பவரின் கணக்கு இன்னும் சிக்கல். கடும் வெப்பத்தில் உழைக்கும் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். ஷிஃப்ட் முடிந்து எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கும். மாத்திரை வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட முடியுமா? அது வியர்வை. சித்திரை வெயிலில் அதே டோஸைத் தொடர்ந்தால் தலைசுற்றி விழுவார். மாறாக மார்கழியில் அதே டோஸ் போதாமல் போகலாம். எடையை வைத்துக் கணக்குப் பார்ப்பதென்றால் காலையில் எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடும் முன்பு, ஒரே மாதிரி உடையில் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். ஒரு காலத்தில் நிறைய ரயில் நிலையங்களில் கலர் விளக்கு சுழலும் எடை இயந்திரம் இருந்தது, காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டை வரும். அந்த அட்டையைச் சேர்த்து வைத்திருந்தால் ஜோசியத்தைவிட எடை நன்றாகவே எதிர்காலத்தைச் சொல்லியிருக்கும்.

சொல்லுமா? 2007-ல் சௌத்ரி என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, மருத்துவமனையில் சேருவதற்கு ஒரு வாரம் முன்பே எடை ஏறத் தொடங்குகிறது என்று காட்டியது. சரி, தினமும் ஃபோனில் எடையைச் சொல்லச் சொன்னால் உயிர் பிழைக்குமே என்று அதே குழு சோதித்துப் பார்த்தது. 2010-ல் முடிவு வந்தது. 1,653 நோயாளிகள், பலன் ஏதுமில்லை! ஏழில் ஒருவர் அந்த ஃபோன் இயந்திரத்தை ஒருமுறை கூடப் பயன்படுத்தவில்லை. எண்ணை வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதைப் பார்த்து அன்றைக்கே ஒருவர் டோஸை மாற்ற வேண்டும். 2018-ல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் இருபத்து நான்கு மணி நேரமும் டாக்டரும் நர்சும் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார்கள், அங்கே பலன் கிடைத்தது. மறுபடியும் வியன்னா நர்சுகள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

லாசிக்ஸிடம் இன்னொரு குணமும் உண்டு. வாயால் சாப்பிட்டால் சராசரியாகப் பாதிதான் ரத்தத்தில் சேரும், ஆனால் அந்தப் பாதி ஆளுக்கு ஆள் 10 சதவீதத்திலிருந்து 100 வரை மாறும். குடலே வீங்கியிருந்தால் சேருவது தாமதமாகும். அதோடு ஒரு படி தாண்டினால்தான் மருந்து வேலை செய்யும். 40 மில்லிகிராமில் படி தாண்டாதவருக்கு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று 40-ஐ இரண்டு தடவை கொடுத்தாலும் இரண்டு தடவையும் தாண்டாது. ஒரே வேளையில் 80 கொடுத்தால் தாண்டலாம். அடுத்தது உப்பு. மாத்திரையின் ஆறு மணி நேரம் முடிந்ததும் சிறுநீரகம் மறுபடியும் உப்பைப் பிடிக்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, இந்தியர்கள் சராசரியாக அதைப் போல இரண்டு மடங்கு சாப்பிடுகிறார்கள். பழவேற்காட்டுக் கருவாடு பக்கத்திலேயே கிடைக்கும் ஊரில் மதியம் கருவாட்டுக் குழம்பு என்றால் காலையில் போன உப்பு மாலைக்குள் திரும்பி வந்துவிடும். சிறுநீர் நிறையப் போயிருக்கும், ஆனால் கணக்கு பூஜ்யம்.

அதனால்தான் கடந்த சில வருடங்களில் மருத்துவர்கள் மறுபடியும் பாத்திரத்தைப் பார்க்கத் திரும்பியிருக்கிறார்கள். இந்தத் தடவை அளவை மட்டுமல்ல, உப்பையும். மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்தில் எடுத்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் டோஸ் போதவில்லை என்று பொருள் கொள்ளலாம் என்கிறது 2021-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மணிக்கு 100 முதல் 150 மில்லியாவது போக வேண்டும். இதெல்லாம் வார்டில் ஊசி மருந்து வாங்கும் நோயாளிக்குச் சொன்னது. 2023-ல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு, இப்படி சோடியத்தைப் பார்த்து டோஸை மாற்றினால் கூடுதல் உப்பு வெளியேறுகிறது என்று காட்டியது. ஆனால் இறப்போ மீண்டும் மருத்துவமனையில் சேருவதோ குறையவில்லை.

வீட்டிலிருந்து வரும் நோயாளிக்கு இன்னும் இப்படி ஒரு உறுதியான எண் கிடையாது. பெல்ஜியத்தின் கென்க் நகரில் ஒரு குழு வெளிநோயாளிகளிடம் வாராவாரம் காலைச் சிறுநீர் வாங்கி சோடியம் பார்த்தது. நிலைமை மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு, அதற்கு முந்தைய வாரத்திலேயே சோடியம் இறங்கியிருந்தது (2019-ல் வெளியானது).

கவனித்தால் இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்கும் அதே மாதிரி இயந்திரத்திலேயே சிறுநீர் சோடியமும் பார்க்கலாம். 2022 முதல் திருவள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, எல்லோரும் சென்ட்ரல் வரை போக வேண்டிய கட்டாயமும் குறைந்திருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரைக்காக வீட்டு வாசலுக்கே ஆள் வருகிறார்கள். அவர்கள் பையில் ஒரு எடை இயந்திரமும் நோட்டில் ஒரு கட்டமும் கூடுதலாக இருந்தால் அது சேத்துப்பட்டு 1956-ன் தம்பியாக இருக்கும்.

மீதமிருப்பது அந்த இரண்டு மணி நேரம். ரயிலுக்குப் பயந்து வீட்டில் போடாத மாத்திரையை, ஓ.பி. சீட்டு வாங்கியவுடன் அங்கேயே ஒரு டம்ளர் தண்ணீரோடு போட வைத்து, கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து உட்கார வைக்கலாம். எப்படியும் டோக்கன் நம்பர் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆகத்தானே போகிறது!